சின்ன கிராணியின் சைபர்

ஆகஸ்டு 4, திங்கள்

இன்று ஆபீசில் பதினேழு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேனாம். எதிர் மேசைத் துளசி ஒரு தாளில் கோடு கோடாகப் போட்டு எண்ணியிருக்கிறாள். அவளுக்கு வேறு வேலை இல்லை. "அக்கா, நீங்க பாக்கலன்னா ஆத்துல தண்ணி ஏறாதா லா?" என்றாள். சிரிப்பு வரவில்லை. உள்ளுக்குள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேனோ என்னவோ.

அந்தப் பக்கம் என்றால் ஆற்று நீர்மட்டப் பக்கம். சிலாங்கூர் ஆற்றில் வைத்திருக்கும் ஒவ்வொரு அளவுகோலுக்கும் அதில் ஒரு வரி. எங்கள் வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்திலும் ஓர் அளவுகோல் உண்டு. அதன் பெயர், எதிரே மீட்டரில் ஓர் எண், பக்கத்தில் மலாயில் ஒரு சொல். நார்மல், வஸ்படா, அமாரான், பஹாயா. வழக்கம், கவனம், எச்சரிக்கை, ஆபத்து. ஒன்பது மாதமாக இந்த நாலு சொல்லுக்குள்தான் என் பிழைப்பு நடக்கிறது.

போன நவம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது என் வீட்டுக்காரர் தனியாகப் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து அப்போது ஏழு மாதம். வலது கையும் காலும் வேலை செய்யாது. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி. சின்ன எழுத்தைப் படிக்க முடியாது. நான் ஐந்து மைல் தள்ளி எஸ்டேட் ஆபீசில் உட்கார்ந்து செக்ரோலில் யார் வந்தார், யார் வரவில்லை என்று சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் செல்லனும் அவன் மனைவி சின்னத்தாயும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிச் சாப்பாட்டு மேசை மேல் வைத்துவிட்டு, மேசை ஆடாமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ரோட்டில் தண்ணீர். நான் வந்து சேர நாலு மணி நேரம். மேசை மேலிருந்து அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மேனேஜர் இன்று அறைக்குக் கூப்பிட்டார். செக்ரோலில் போன மாதம் இரண்டு தவறு. கோபப்படவில்லை. "கலாவதி, ஒண்ணு நீங்க இங்க இருக்கணும், இல்லன்னா வீட்டுல இருக்கணும். ரெண்டு எடத்துலயும் பாதிப் பாதியா இருக்க முடியாது." நியாயம்தான். இருபத்தாறு வருஷ வேலை. மதியம் ராஜினாமாக் கடிதத்தைத் தட்டி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். தேதி மட்டும் போடவில்லை.

வேலையை விட்டால் சோற்றுக்கு என்ன வழி? விடாவிட்டால் அவருக்கு என்ன வழி? எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்திருந்தாலும் சிங்கப்பூரில்தான் இருந்திருக்கும்.

ஆகஸ்டு 9, சனி

பிரிட்ஜ் ரிப்பேருக்குப் புவனேசன் வந்தான். இந்தப் பக்கத்தில் பிரிட்ஜ், ஏர்கான், எதுவானாலும் அவன்தான். ஸ்குருவை வாயில் கவ்விக்கொண்டே பேசுவான். பத்து நிமிடத்தில் நான் மூன்று தடவை கைப்பேசியைப் பார்த்ததைக் கவனித்திருக்கிறான்.

"நீங்க ஏன்க்கா பாக்குறீங்க? ஒரு போர்டு வாங்கி வைங்க, அது பாக்கும். என் மீன் தொட்டிக்கு வச்சிருக்கேன்."

வேனுக்குப் போய் ஒன்றை எடுத்து வந்தான். தீப்பெட்டி அளவு. இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரிக் கம்பிகள். பெயர் இஎஸ்பி முப்பத்திரண்டு. அதற்குள்ளேயே வைஃபை இருக்கிறதாம். "நீங்க சொல்ற பக்கத்துக்குப் போவும், எடுத்துட்டு வரும், நம்பரப் பாத்து வெளக்கப் போடும். அவ்ளோதான்."

அவ்ளோதானாம். எனக்குக் கணினியில் தெரிந்தது எக்செல் மட்டும். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லிப் போர்டை வைத்துவிட்டுப் போனான். பிரிட்ஜ் இன்னும் சத்தம் போடுகிறது.

ஆகஸ்டு 12, செவ்வாய்

பழைய லேப்டாப்பில் செருகினேன். போர்டில் விளக்கு எரிகிறது. ஆனால் லேப்டாப் அப்படி ஒன்றும் வரவில்லை என்கிறது.

ஆகஸ்டு 13, புதன்

இன்றும் வரவில்லையாம்.

ஆகஸ்டு 15, வெள்ளி

கேபிள்! எல்லாம் அந்தப் பாழாய்ப்போன கேபிள். சார்ஜ் செய்ய மட்டும் ஒரு கேபிள், பேசுவதற்கு ஒரு கேபிள் என்று இரண்டு சாதி இருக்கிறதாம். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மூன்று நாள் என் மூளையைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அதன் மேல் தப்பில்லை.

ஆகஸ்டு 17, ஞாயிறு

போர்டில் இருக்கிற நீல விளக்கை மினுக்கவைத்துவிட்டேன். ஒரு வினாடி எரியும், ஒரு வினாடி அணையும். அவரைத் திருப்பி உட்காரவைத்துக் காட்டினேன். இடது பக்க உதட்டால் சிரித்தார். "மின்மினி" என்றார். செல்லன் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வருகிறவர்களுக்குப் படகு ஓட்டுகிறவன். "நம்ம பொழப்புல மண்ணு போட்டுடாதீங்க அண்ணி" என்றான்.

நாள் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ரொம்ப நாளாயிற்று.

ஆகஸ்டு 24, ஞாயிறு

வீட்டு வைஃபைக்கு இரண்டு பெயர். ஒன்று வேகமானது, ஒன்று பழையது. நான் வேகமானதைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். போர்டுக்கு அது கண்ணில் படவே படாதாம். பழையதைக் கொடுத்ததும் நாலு வினாடியில் சேர்ந்துகொண்டது. இதை முதலிலேயே சொன்னால் என்ன? யார் சொல்வார்கள், அது என்ன வாயுள்ள பிள்ளையா.

ஆகஸ்டு 31, ஞாயிறு

மெர்டேக்கா, நாட்டின் சுதந்திர நாள். ரோடெல்லாம் கொடி. நான் காலையிலிருந்து லேப்டாப் முன்னால்.

பதினொன்றே காலுக்குப் போர்டு முதல்முறையாகப் பக்கத்தைக் கொண்டுவந்தது! முதலில் இருநூறு என்று ஓர் எண் வரும். இருநூறு வந்தால் "கேட்டது கிடைத்தது" என்று அர்த்தமாம். அதற்குப் பின்னால் பக்கம் கொட்டியது, நான் கைப்பேசியில் பார்க்கிற அழகான பட்டியலாக இல்லை. அடைப்புக்குறியும் சாய்கோடுமாக, சோற்றை அண்டாவோடு கவிழ்த்த மாதிரி. அதற்குள் எங்கள் அளவுகோலின் பெயரைத் தேடினேன். இருந்தது. பெயருக்கு அடுத்து எண். அந்தப் பெயர் வரும்வரை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, அடுத்து வரும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள் என்று எழுதினேன். சாயங்காலம் திரையில் ஒரே ஒரு வரி: 1.42.

கைப்பேசியில் பார்த்தேன். 1.42.

அப்படியே உட்கார்ந்து அழுதேன். அவர் பயந்துபோய், "என்... ன?" என்றார். "ஒண்ணும் இல்லங்க, சரியா வந்துடுச்சு" என்றேன். சரியாக வந்ததற்கு அழுகிற பெண்ணை அவர் இன்றுதான் பார்க்கிறார்.

இதற்குச் சின்ன கிராணி என்று பெயர் வைத்திருக்கிறேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவரைக் கிராணி என்பார்கள். ஆபீசில் நான் பெரிய கிராணி. பெரிய கிராணி உட்கார்ந்த இடத்தில் இருப்பாள், சின்ன கிராணி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

செப்டம்பர் 6, சனி

பச்சை விளக்கு ஒன்று, சிவப்பு விளக்கு ஒன்று, ஒரு சின்ன ஊதல். எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து மூடியில் ஓட்டை போட்டு விளக்குகளை வெளியே நீட்டினேன். கால் மணிக்கு ஒருமுறை பக்கத்துக்குப் போய் வரும். எண் எச்சரிக்கை அளவுக்குக் கீழே இருந்தால் பச்சை. மேலே போனால் சிவப்பும் ஊதலும். ஊதல் கேட்டால் சின்னத்தாய் ஓடி வருவாள். செல்லனுக்குச் சாயங்காலம்தான் படகு. பகலில் வீட்டில்தான் இருப்பான்.

டப்பாவை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்த்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு... காவலா?"

காவல்தான். வேறு என்ன சொல்வது? அறுபது பேரை மேய்த்த மண்டோர். காலை ஐந்தரைக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்று இந்த முருகையா ஒவ்வொருவராகப் பேர் கூப்பிட்டால் அடுத்த டிவிஷனில் கேட்கும் என்பார்கள். அவருக்கு இன்று ஒரு பிஸ்கட் டப்பா காவல். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா? என் மேலா? "பின்ன நான் என்னதான் பண்ண, சொல்லுங்க!" என்று கத்திவிட்டேன். அவரால் பதிலுக்குக் கத்த முடியாது. அது தெரிந்தே கத்தினேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மன்னிப்புக் கேட்டேன். இடது கையை ஆட்டி விடு என்றார்.

செப்டம்பர் 22, திங்கள்

துளசியின் கணக்குப்படி இன்று இரண்டு தடவை. செக்ரோல் தவறில்லாமல் முடிந்தது. மேனேஜர் போகிற போக்கில், "குட், கலாவதி" என்றார். வீட்டுக்குப் போனால் பச்சை. காலையில் எழுந்தால் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்தாலே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது.

அவர் மட்டும் அதைப் பார்ப்பதில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று எழுத்து கோணலாகத்தான் வரும்.

இரண்டு நாளாக மழை. நான் கவலைப்படவில்லை. இன்று பக்கத்தைத் திறக்கவே இல்லை — காலையில் பச்சை எரிந்தது, ஊதல் கேட்டதாகச் சின்னத்தாய் கூப்பிடவில்லை, அப்புறம் என்ன? ஐந்தரைக்கு வீட்டுக்கு வருகிறேன், வாய்க்கால் தண்ணீர் ரோட்டுக்கு ஏறி வாசல் முதல் படியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. உள்ளே ஓடினேன். அவர் படுத்திருக்கிறார். பக்கத்தில் டப்பா. பச்சை! ஜம்மென்று பச்சை! கைப்பேசியைத் திறந்தால் பக்கத்தில் அமாரான் என்று போட்டிருக்கிறது.

செல்லனைக் கூப்பிட்டு, அவரை நாற்காலியில் ஏற்றி, வாசலில் நின்றுகொண்டே இருந்தோம். ஏழு மணிக்குத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. வீட்டுக்குள் வரவில்லை. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று நூறு தடவை சொல்லிக்கொண்டேன்.

ஆனால் ஆகியிருந்தால்? பச்சையைக் காட்டிக்கொண்டே அவரை முழுகவிட்டிருக்கும். நான் ஆபீசில் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்திருப்பேன். நான் செய்து வைத்த சனியன். என் கையால் செய்தது.

வயரைப் பிடுங்கிவிட்டேன். நாளைக்குக் கடிதத்தில் தேதி போடுகிறேன்.

அக்டோபர் 15, புதன்

போட்டேன். அக்டோபர் 20 என்று. பிறகுதான் அன்று தீபாவளி, ஆபீஸ் லீவு என்று நினைவு வந்தது. 21 என்று திருத்தினேன். ராஜினாமாவில்கூட அடித்தல் திருத்தல்.

அக்டோபர் 16, வியாழன்

புவனேசன் வந்தான். லேப்டாப்பில் செருகிப் பார்த்தான். இருநூறு வரவேண்டிய இடத்தில் முன்னூற்று ஒன்று வருகிறது.

"வீடு மாறிட்டாங்க அக்கா. பக்கம் புது அட்ரசுக்குப் போயிடுச்சு. உங்க போன் புத்திசாலி, அதுவா பின்னாலயே போயிடும். இது பழைய வீட்டு வாசல்ல நின்னு கேட்டுட்டு வருது."

பக்கத்தின் தலையிலேயே போட்டிருக்கிறார்கள், அக்டோபர் 9 முதல் புது முகவரி என்று. நான்தான் எண்ணைப் பார்த்தேனே தவிர தலையைப் பார்க்கவில்லை. புது முகவரியை எழுத இரண்டு நிமிடம். உடனே இருநூறு வந்தது, எண் வந்தது. புவனேசன் கையைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சது" என்றான்.

எங்கே முடிந்தது? முகவரி மாறியது சரி. ஒன்றும் கிடைக்காதபோது அது ஏன் பச்சையைப் போட்டது? அதைக் கேட்டால், "அது நீங்க எழுதுனது அக்கா, நீங்கதான் பாக்கணும்" என்கிறான்.

அக்டோபர் 18, சனி

பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

நான் எழுதியதில் ஒரு வரி: எண் கிடைக்கவில்லை என்றால் சைபர் என்று வைத்துக்கொள். சைபர் மீட்டர் என்றால் எச்சரிக்கை அளவுக்குக் கீழே. கீழே என்றால் பச்சை. ஐந்து நாளாகச் சின்ன கிராணி வெறுங்கையோடு திரும்பி வந்து, "சைபர், சைபர், எல்லாம் நலம்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ஏன் சைபர் என்று எழுதினேன்? யாரும் சொல்லித் தரவில்லை, எந்த வீடியோவிலும் வரவில்லை. கை தானாக எழுதியது. ஆபீசில் மழைப் புத்தகம் ஒன்று இருக்கிறது. தினம் காலை ஏழு மணிக்கு மழைமானியைப் பார்த்து எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத வேண்டும். ஞாயிறு, லீவு நாளில் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. ஆனால் கட்டம் காலியாக இருந்தால் தலைமை ஆபீசிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் சைபர் போடுவோம். இருபத்தாறு வருஷமாக நான் பார்க்காத மழைக்கெல்லாம் சைபர் போட்டு வந்திருக்கிறேன். இங்கேயும் போட்டுவிட்டேன்.

இதை அவரிடம் சொன்னேன். சொல்ல வேண்டும் என்றில்லை. வேறு யாரிடம் சொல்வது? கட்டிலில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொல்லி, "அதனாலதாங்க பச்சை" என்று முடித்தேன். சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகத் திரும்பினார். எவ்வளவு நேரம் எடுத்துப் பேசினார் என்று எனக்குத்தான் தெரியும்.

"பெரட்டு... ல. பேரு கூப்புடுறேன். பதில்... இல்ல. வந்துட்டான்னு... எழுதுவனா?"

"மாட்டீங்க."

"நீ... எழுதியிருக்க."

எனக்கு முகத்தில் யாரோ தண்ணீர் தெளித்த மாதிரி ஆயிற்று. பெரட்டில் அவர் எப்படி நிற்பார் என்பது எனக்குத் தெரியும். அவர் அனுப்புகிற செக்ரோலைத்தானே நான் அத்தனை வருஷம் பார்த்தேன். பேர் கூப்பிடுவார். "இருக்கேன் மண்டோர்" என்று குரல் வந்தால் கோடு. குரல் வராவிட்டால் வட்டம். வங்காளதேசப் பையன்களும் இந்தோனேசியாக்காரர்களும் வந்த பிறகும் அதே வழக்கம்தான். அதோடு விடமாட்டார். வட்டம் விழுந்த ஆளின் வீட்டுக்கு ஏழு மணிக்குள் ஒருவரை அனுப்புவார். காய்ச்சலா, பாம்பு கடித்ததா, வேறு எஸ்டேட்டுக்கு ஓடிவிட்டானா, பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.

"அப்ப வட்டத்துக்கு ஒரு வெளக்கு வேணும்" என்றேன்.

"மஞ்ச" என்றார்.

"மஞ்சள் எரிஞ்சா?"

"ஆளு... அனுப்பணும்." இடது கையால் தன் நெஞ்சைத் தட்டினார். "நான் அனுப்புறேன்."

அக்டோபர் 19, ஞாயிறு

முறுக்குச் சுடவில்லை. மஞ்சள் விளக்குப் பொருத்தினேன். இருநூறு வராவிட்டால் மஞ்சள். இருநூறு வந்தும் பெயரோ எண்ணோ கிடைக்காவிட்டால் மஞ்சள். பக்கத்தில் போட்டிருக்கிற நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பழசாக இருந்தால் மஞ்சள் (இது அவர் சொன்னது: "நேத்து... வந்தவன்... இன்னிக்கு வந்தவனா?"). வீட்டு வைஃபையைப் பிடுங்கிச் சோதித்தேன். மஞ்சள் எரிந்தது. அவர் கைப்பேசியில் இடது கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தி, "செல்லா. வாய்க்கா... பாரு" என்றார். இரண்டு நிமிடத்தில் செல்லன் கைலியோடு ஓடி வந்து, "என்னண்ணே, தண்ணியா?" என்றான்.

சோதனை என்றதும் அவன் விட்ட பெருமூச்சை இங்கே எழுத முடியாது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு டப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பார்த்தபடி!

அக்டோபர் 21, செவ்வாய்

கடிதத்தைக் கொடுக்கவில்லை. தேதி மழைக்காலம் முடிகிறவரை காத்திருக்கட்டும்.

மழைப் புத்தகத்தில் நேற்றைய கட்டத்தில், "பார்க்கவில்லை" என்று எழுதினேன். துளசி எட்டிப் பார்த்துவிட்டு, "திருப்பி அனுப்புவாங்க லா அக்கா" என்றாள். அனுப்பட்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

இந்த மாதத்தில் மூன்று தடவை மஞ்சள். ஒன்று கரண்ட் போய் வந்தபோது. ஒன்று வைஃபை. ஒன்று ஏன் என்றே தெரியவில்லை. மூன்று தடவையும் அவர் ஆள் அனுப்பினார். செல்லன் என்னிடம் புகார் சொல்கிறான்: "அண்ணி, நேத்து படுத்த ஒடனே கூப்புட்டாரு. போயிப் பாத்தா வாய்க்கால்ல தவள மட்டும்தான் இருக்கு. அதயும் வந்து ரிப்போர்ட் பண்ணணுமாம்."

"பண்ணுனியா?"

"பண்ணாம? எத்தன அடி தண்ணின்னு வேற கேக்குறாரு."

பேச்சு முன்னைவிடத் தெளிவாக வருகிறது. எனக்கு மட்டும் அப்படித் தோன்றுகிறதா? சின்னத்தாயும் சொன்னாள்.

நவம்பர் 23, ஞாயிறு

வரிசையில் இருக்கிற எட்டு வீட்டு எண்களையும் அவர் கைப்பேசியில் சேர்க்கச் சொன்னார். பெயரைப் படிக்க முடியாது என்பதால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படம் போட்டேன். செல்லனுக்குப் படகு. கடைசி வீட்டு அந்தோனிக்கு அவருடைய மோட்டார் சைக்கிள். மூலை வீட்டு மாலாவுக்கு அவளுடைய கிளி. ஒரு மணி நேரம் பாடம் படித்த மாதிரி ஒவ்வொன்றாக அழுத்திப் பழகினார்.

டிசம்பர் 5, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

நேற்றிலிருந்து விடாத மழை. இன்று முழுநிலவு, கடல் சாயங்காலம் பெரிதாக ஏறும் நாள். கடல் ஏறினால் வாய்க்கால் முனையில் இருக்கிற தண்ணீர்க்கதவை மூடிவிடுவார்கள். மூடினால் மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் எங்கள் பக்கம்தான் திரும்பும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் காலையில் வேலைக்குப் போனேன், ஏனென்றால் பச்சை எரிந்தது. உண்மையான பச்சை, 1.9.

ஒன்று நாற்பதுக்கு ஆபீசில் பக்கத்தைத் திறந்தேன். திறக்கவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஊரே திறந்து பார்க்கிறது போலிருக்கிறது. அவரைக் கூப்பிட்டேன், எங்கேஜ். மறுபடி கூப்பிட்டேன், எங்கேஜ். சின்னத்தாயும் எடுக்கவில்லை. மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். பாதி வழியில் போலீஸ் ரோட்டை மறித்திருந்தது. போன வருஷம் நவம்பரில் நின்ற அதே இடம். அதே எண்ணெய்ப்பனை வரிசை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சாமி, மேசை மேலயாவது ஏத்தி வச்சிருக்கணும், என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மூன்று ஐந்துக்குக் கைப்பேசி ஒலித்தது. குரல் பதிவு. அதை இன்று இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

"கலா. முருகையா. கோயில் மண்டபத்துல... இருக்கேன். எட்டு வீடும்... வந்தாச்சு. பேரு கூப்புட்டுட்டேன். நீ... மெதுவா வா."

பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. காரிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். போலீஸ்காரப் பையன் கண்ணாடியைத் தட்டி, "மாச்சிக், ஓகே?" என்று மலாயில் அத்தை முறை வைத்துக் கேட்டான். ஓகே என்றேன். அவ்வளவு ஓகேவாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

மண்டபம் மேட்டில் இருக்கிறது. சுற்றுவழியாகப் போய்ச் சேர ஐந்து மணி. சின்னத்தாய்தான் சொன்னாள்: ஒன்றரைக்கு மஞ்சள் எரிந்திருக்கிறது. அவர் செல்லனை அனுப்பியிருக்கிறார். செல்லன் எரிச்சலோடு போயிருக்கிறான். கதவு மூடியாகிவிட்டது, தண்ணீர் கரைக்கு ஒரு சாண் கீழே. ஓடி வந்து சொல்லியிருக்கிறான். அவர் சிவப்புக்குக் காத்திருக்கவில்லை. படகு, மோட்டார் சைக்கிள், கிளி என்று ஒவ்வொரு படமாக அழுத்தி எட்டு வீட்டையும் கூப்பிட்டிருக்கிறார். மெத்தைகளை மேசை மேல் ஏற்றி, அவரை அந்தோனியின் தம்பி வேனில் ஏற்றி, இரண்டே முக்காலுக்கு எல்லாரும் மண்டபத்தில். வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது நாலரைக்கு. முழங்கால் அளவு.

"மண்டபத்துக்கு வந்ததும் பேரு கூப்புட்டாரு அண்ணி" என்றாள் சின்னத்தாய். "எல்லாரும் இருக்கேன் மண்டோர்னு சொல்லணுமாம். மாலா குளிச்சிட்டு லேட்டா வந்தா, அவளுக்கு வட்டம்!"

அவர் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. சின்ன கிராணி. வயரை இடது கையாலேயே பிடுங்கி, டப்பாவை விட்டுவிட்டு, போர்டை மட்டும் எடுத்து வந்திருக்கிறார்.

"இதையா தூக்கிட்டு வந்தீங்க?"

"அதுவும்... நம்ம ஆளு" என்றார்.

டிசம்பர் 7, ஞாயிறு

சேறு, சேறு, சேறு. மெத்தை நனையவில்லை. பிரிட்ஜ் போய்விட்டது. போனால் போகட்டும், எப்படியும் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தது.

டிசம்பர் 16, செவ்வாய்

செல்லன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, தன் வீட்டுக்கும் ஒரு டப்பா வேண்டும் என்றான். மஞ்சள் விளக்கு பெரிதாக இருக்க வேண்டுமாம்.

ஜனவரி 12, திங்கள்

ஆபீஸ். மழைக்காலம் ஓய்கிறது. தலைமை ஆபீசிலிருந்து மழைப் புத்தகம் திரும்பி வரவில்லை. "பார்க்கவில்லை" என்று பத்துக்கு மேற்பட்ட கட்டம் இருந்தும். யாரும் படிப்பதே இல்லை போலிருக்கிறது.

மதியம் இழுப்பறையைச் சுத்தம் செய்தேன். அந்தக் கடிதத்தைத் தேடினேன், காணோம். பிறகுதான் நினைவு வந்தது: போன வாரம் வீட்டுக்கு எடுத்துப் போன தாள்களோடு அதுவும் போய்விட்டது. அதன் பின்பக்கத்தில்தான் அவர் இடது கையால் செல்லனுடைய டப்பாவுக்கு எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று வரைந்து கொடுத்திருக்கிறார். இப்போது செல்லன் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. தேதியோடு.

ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது துளசி தன் தாளைத் தூக்கிக் காட்டினாள். அந்தப் பழக்கத்தை அவள் இன்னும் விடவில்லை. இன்றைய தேதி, பக்கத்தில் சைபர்.

நான் சந்தேகமாகப் பார்த்தேன். "எண்ணிட்டுத்தான் போட்டியா? இல்ல, எண்ணாமலே போட்டியா?"

"காலையிலேருந்து உங்களயேதான்க்கா பாத்துக்கிட்டிருக்கேன். நீங்க ஒரு தடவகூடத் தொறக்கல லா."

யோசித்துப் பார்த்தேன். ஆமாம். திறக்கவில்லை. திறக்காமல் இருக்க வேண்டும் என்று முயற்சிகூடச் செய்யவில்லை. மறந்தே போயிருக்கிறேன்.

தாளை அவளிடமிருந்து வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அவரிடம் காட்ட வேண்டும்.